ரமோன் சார் கொடுத்துவிட்டுப் போன முகங்கள்

திருகோணமலையில் என்னை முதலில் வரவேற்றது ஒரு மான். பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த காகிதங்களை எடுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. திரும்பினால் புள்ளிமான். பட்டப்பகலில், ஊருக்கு நடுவில், ஆளோடு ஆளாக நிற்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு காகிதத்தை உருவி மென்று விழுங்கிவிட்டது. எங்கள் திண்டுக்கல்லில் மாடு போஸ்டர் தின்னும். அது பழகிப்போன சங்கதி. மான் ஜெராக்ஸ் தின்னும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பக்கத்தில் நின்ற கடற்படைக்காரர்கள் இருவர் சிங்களத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். தேநீர்க் கடைக்காரர் எனக்காக அதைத் தமிழில் சொன்னார்: “இந்த மானுக்கு வாசிக்கத் தெரியுமாம் அம்மா. முக்கியமான கடதாசியாப் பார்த்துத்தான் தின்னுமாம்.”

முக்கியமான காகிதங்கள்தான். ரமோன் சார் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தின் நகல் அது. நல்லவேளை, மான் தின்றது சாயங்களின் பட்டியலை. ஆட்களின் பெயர்கள் தப்பித்தன.

ரமோன் சார் ஸ்பெயின்காரர், ஓவியர். எனக்கு ஆறு வருஷம் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். ஸ்பெயினின் வடகரையில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தார். அப்பா படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவர். அவருக்குத் தூரிகை கழுவிக்கொடுத்துப் பழகிய கை. மாட்ரிட்டில் படித்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, அலுத்துப்போய் முப்பத்தைந்து வயதில் இந்தியாவுக்கு வந்தார். மதுரை என்று நினைத்து முன்னாலேயே திண்டுக்கல்லில் இறங்கிவிட்டதாகச் சொல்வார். நம்புவதா வேண்டாமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவருடைய வகுப்பில் முதல் ஒரு மணி நேரம் பென்சிலைத் தொடக் கூடாது. எதிரே ஓர் ஆளை உட்கார வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்வார். பாதிப் பேர் தூங்கி விழுவோம். அவர் வரைந்தது முகங்களை மட்டும்தான். மலை, கடல், பூ, பழம் எதையும் தொடமாட்டார். வரைந்து முடித்ததும் படத்தை அந்த முகத்துக்கு உரியவரிடமே கொடுத்துவிடுவார். முகம் யாருடையதோ படமும் அவருடையது என்பது அவர் சட்டம். விற்க மாட்டார், கண்காட்சி வைக்க மாட்டார். வாசலில் பூக்கட்டும் அம்மாவை வரைந்தார், வாட்ச்மேனை வரைந்தார், ஆறு வருஷம் எதிரே உட்கார்ந்திருந்த என்னை வரையவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

இலங்கையில் சண்டை ஓய்ந்திருந்த நாட்களில், ஒரு நிவாரணக் குழுவோடு திருகோணமலைக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கப் போனார். பிறகு குழு திரும்பியது, அவர் திரும்பவில்லை. இரண்டு வருஷம் முன்னால் அங்கேயே இறந்தார். ஸ்பெயினில் இருக்கும் அவருடைய தங்கை மகள் இசபெலுக்குப் போய்ச் சேர்ந்தவை இந்த நோட்டும் ஒரு மூக்குக்கண்ணாடியும் மட்டும்தான். படம் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் யார் யார் வீட்டிலோ இருந்தன. மாமா பிறந்த ஊரில் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. படங்களைக் கண்டுபிடித்துப் புகைப்படம் எடுத்து, முடிந்தால் இரவலும் கேட்டு வா என்று என்னை அனுப்பினாள்.

இசபெல் இணையத்தில் போட்ட அறிவிப்புக்குத் திருகோணமலைப் பக்கத்திலிருந்து பதில் எழுதியவள் ஒருத்திதான். பெயர் நுஸ்ரத். வயது இருபத்திரண்டு, கிண்ணியாவில் மருந்துக்கடை ஒன்றில் வேலை. அவளுடைய தாய் ஜெசீமா, ரமோன் சாரின் மாணவி. நுஸ்ரத்துக்கு ஒரு வயது நடந்தபோது தாயையும் தகப்பனையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. கடலோரத்து வீடும், அதிலிருந்த புகைப்படங்களும், அடையாள அட்டைகளும் கூடவே போயின. தன்னைப் பெற்றவளின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

சாரின் நோட்டில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘ஜெசீமா, குறிஞ்சாக்கேணி. பலகை, இரண்டு சாண் உயரம், ஒன்றரை சாண் அகலம். என் கைக்கு வந்த முகங்களில் இதுதான் நல்ல முகம். கொடுத்துவிட்டேன்.’ இதைப் படித்துக் காட்டியபோது நுஸ்ரத் போனில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். படம் கிடைத்தால் முதலில் தான்தான் பார்க்க வேண்டும். எனக்கும் இசபெலுக்கும் அப்புறம்தான். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

முதல் நாள் சார் குடியிருந்த வீட்டைப் பார்க்கப் போனேன். துறைமுகத்தை ஒட்டிய தெருவில் மாடியறை. சன்னலைத் திறந்தால் கடற்படைக் கப்பல் பக்கத்து வீடு மாதிரி நிற்கிறது. வீட்டுக்காரர் செல்வராசா, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சாரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். தன் மாணவர்கள் ஒருவர் விடாமல் எல்லாருடைய முகத்தையும் இந்த நாலு சுவரிலும் சார் கரியால் எழுதி வைத்திருந்தாராம். நான் சுவர்களைப் பார்த்தேன். நாலும் இளம்பச்சை.

புதிதாகக் குடிவந்தவர்களின் உடுப்பில் கரி ஒட்டுகிறதென்று மூன்று தடவை பெயின்ட் அடித்ததாக அவர் சொன்னார். நல்ல பெயின்ட் என்றும் சொன்னார். எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, அவரே பால் விடாத தேநீர் கொண்டுவந்தார். கூடவே ஒரு துண்டு கருப்பட்டி. அதைக் கடித்துக்கொண்டே தேநீரைக் குடிக்க வேண்டும். சுவரைச் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இன்னொரு துண்டு கருப்பட்டி கொடுத்தார்.

சாயங்காலம் பசிக்குக் கடைக்குப் போனால் அங்கே வேறொரு அதிர்ச்சி. நான் ஒன்றும் சொல்லாமலே ஒரு பெரிய தட்டு நிறைய மீன் பணிஸ், ரோல், கட்லட், பற்றிஸ் என்று அடுக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வைத்ததை மிச்சம் வைத்தால் மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்டவள் நான். ஐந்தாவதை விழுங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரிமாறியவர் பயந்துபோய், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அடுத்த மேசைக்குப் போகும் என்று விளக்கினார். நான் வருமுன் இந்தத் தட்டு எத்தனை மேசை பார்த்ததோ என்று யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் காலையில் நுஸ்ரத் வந்து சேர்ந்தாள். கறுப்பு அபாயா, தோளில் பை, காலில் ஓடுவதற்கு ஏற்ற சப்பாத்து. என்னைவிட ஒரு சாண் உயரம். கடையில் இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். அம்மாவோடு ஓவியம் படித்த பெண்களில் மூன்று பேரை ஏற்கெனவே தேடிப்பிடித்து விசாரித்திருந்தாள். படத்தைச் சார் எழுதியதை மூவரும் கண்டிருக்கிறார்கள். அது எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இருவரும் சல்லிக்குப் புறப்பட்டோம். கடற்கரையோர மீனவர் ஊர். ஓட்டோ மணலில் புதைந்து, நுஸ்ரத்தும் நானும் இறங்கித் தள்ளினோம். ஓட்டோக்காரர் இறங்கவில்லை. தான் இறங்கினால் யார் ஓட்டுவது என்று நியாயம் கேட்டார்.

நோட்டில் இருந்த பெயர் தவராசா, மீனவர். அவர் இறந்து ஒன்பது வருஷமாகிறது. மனைவி நாகேஸ்வரி எங்களை உள்ளே கூட்டிப்போனார். படம் எங்கே என்று கேட்டேன். சாமியறையைக் காட்டினார். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே, மாலையும் குங்குமமுமாக, ரமோன் சாரின் ஓவியம். அந்தக் காலத்தில் இங்கே நல்ல கான்வாஸ் கிடைக்காது. தேயிலை ஏற்றும் பெட்டியின் ஒட்டுப்பலகையில்தான் சார் எழுதுவாராம். பலகையின் ஓரத்தில் பெட்டியின் எழுத்துகள்கூடத் தெரிந்தன.

காதும் தாடையும் உப்புக்காற்றில் காய்ந்த கழுத்தும், எழுந்து வந்து பேசிவிடும்போல அப்படியே இருந்தன. நெற்றி மட்டும் இல்லை. புருவத்துக்கு மேலே வெறும் பலகை. வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைத்து, பளபளப்புக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, புதுச் சந்தனம் வைப்பாராம் நாகேஸ்வரி. ஒன்பது வருஷ வெள்ளிக்கிழமைகள் அந்த நெற்றியைத் தின்றுவிட்டன. நான் ஓவிய டீச்சர். என்னை அறியாமல் தலையில் கை வைத்துக்கொண்டேன். இனிமேல் துடைக்காதீர்கள் அம்மா, சந்தனம் வைக்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

“அதெப்பிடிப் பிள்ளை?” என்றார் அவர், எனக்கு விவரம் போதாது என்பதுபோல. “அவரை வெறும் நெத்தியோட விட ஏலுமே?”

இரவலும் கேட்டுப் பார்த்தேன். ஆடியில் திவசம் வருகிறது, அன்றைக்கு அவர் வீட்டில் இல்லாவிட்டால் படையலை யாருக்கு வைப்பது என்று திருப்பிக் கேட்டார். புகைப்படம் மட்டும் எடுத்துக்கொண்டேன். பொரித்த மீனும் சம்பலும் புட்டுமாகச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். அந்தப் புட்டைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வெளியே வந்ததும் நான் பொருமித் தீர்த்தேன். இசபெல் கேட்டால் அழுவாள், நெற்றியில்லாத படத்தை எந்த ஊர்க் கண்காட்சியில் மாட்டுவது என்றெல்லாம் புலம்பினேன். நுஸ்ரத் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே மணலில் நடந்து வந்தாள்.

“அவங்களுக்குத் துடைச்சுத் தேய்க்கவாவது ஒரு முகம் இருக்கு டீச்சர்” என்றாள்.



மூன்றாம் நாள் கிண்ணியா. முன்பெல்லாம் தண்ணீரைக் கடக்கப் படகுப்பாதைதான், ஆளையும் வண்டியையும் ஏற்றிப்போகும் தட்டையான மிதவை. இப்போது பாலம். பஸ் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் நீர், வெயிலில் கண் கூசியது. நடத்துநர் என் தமிழைக் கேட்டுவிட்டு, இந்தியாவில் எங்கே என்று விசாரித்தார். திண்டுக்கல் என்றேன். அங்கே தயிர் எப்படி என்றார். நன்றாக இருக்கும் என்றேன். கிண்ணியாத் தயிரைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது இதே பதிலைச் சொல்ல வேண்டும் என்று எச்சரித்துவிட்டு டிக்கெட் கிழித்தார்.

நுஸ்ரத் வளர்ந்தது குறிஞ்சாக்கேணியில், தாயின் தம்பி லாபிர் வீட்டில். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். லாபிருக்கு நாற்பது வயதிருக்கும். எருமைகள் வைத்திருக்கிறார், சட்டி சட்டியாகத் தயிர் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அதிகம் பேசாத மனிதர். சோறு, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, கடைசியில் கட்டித்தயிரின் மேல் பாணி என்கிற வெல்லப்பாகு ஊற்றி வைத்தார்கள். கரண்டியை நட்டால் நிற்கிறது. நடத்துநரிடம் தோற்றுப்போவதென்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு முன்னறைக்கு வந்தபோதுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். தொழும்போது முதுகுக்குப் பின்னால் வரும் சுவரில், ஆளுயரத்துக்கு மேலே மாட்டியிருந்தது. களப்பில், கடல் உள்ளே வந்து தேங்கிய நீரில், ஒரு படகுப்பாதை நிற்கிறது. காலை வெளிச்சம். ஆளில்லை, மாடில்லை, ஒரு கொக்குகூட இல்லை. யாருடைய படம் என்று கேட்டேன். ரமோன் சார் வீட்டுக்குத் தந்தது என்று நுஸ்ரத் சாதாரணமாகச் சொன்னாள். நாங்கள் தேடுவது முகம்தானே, அதனால் இதைப் பற்றி என்னிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லையாம்.

எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. ஆறு வருஷம் அவரிடம் படித்தவள் நான். ஒரு மரத்தைக்கூட வரையாத மனிதர் ஆளில்லாத படகுப்பாதையை ஏன் வரைந்தார்? வரைந்தாலும் நோட்டில் ஏன் எழுதவில்லை? கதிரையை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினேன். தேயிலைப் பெட்டிப் பலகை. விரலை விரித்து அளந்தேன். உயரம் இரண்டு சாண். அகலம் ஒன்றரை சாண். சட்டத்தின் ஓரத்தில், பலகையின் பின்பக்கத்திலிருந்து ஒரு சொட்டு நீலச் சாயம் வழிந்து காய்ந்திருந்தது. அந்த நீலம் படகுப்பாதையில் எங்குமே இல்லை. நான் படத்தைத் தூக்கக் கை வைத்தேன்.

“தொடாதீங்க” என்றார் லாபிர்.

அவர் சத்தம் போடவில்லை. ஆனாலும் நான் கதிரையிலிருந்து இறங்கிவிட்டேன். சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். நுஸ்ரத் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அது அமானிதம், டீச்சர். ராத்தா என்னட்ட ஒப்படைச்சது.”

ராத்தா என்றால் அக்கா. அமானிதம் என்றால், நம்பி ஒப்படைத்த பொருள். ஒப்படைத்தவர் கேட்கும்வரை அதை வைத்துக் காக்க வேண்டும், பிரித்துப் பார்க்கக் கூடாது. லாபிர் தரையைப் பார்த்தபடியே மெல்ல மெல்லச் சொன்னார். ஜெசீமாவின் கணவன் அப்போது சவூதியில். ஓர் ஆண்பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து முகத்தை எழுத விட்டாள் என்று ஊர் பேசுமே என்று அவளுக்குப் பயம். போதாததற்கு, முகம் மாட்டிய அறையில் தொழக் கூடாது, அங்கே மலக்குகள் என்னும் வானவர்கள் வரமாட்டார்கள் என்பது வீட்டு வழக்கம். சாரோ தன் சட்டப்படி படத்தைக் கொண்டுவந்து நீட்டிவிட்டார். வாங்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. அவள் அழுதுவிட்டாளாம். சார் படத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து அதே பலகையின் பின்பக்கத்தில் இந்தப் படகுப்பாதையை எழுதிக் கொண்டுவந்தார். ஒரு ஜீவனும் இல்லாத படம். இதை எந்த வீட்டிலும் மாட்டலாம். ஜெசீமா அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தம்பியிடம் கொடுத்தாள். தான் வந்து கேட்கும்போது தரச் சொன்னாள், அதுவரை யாருக்கும் திருப்பிக் காட்ட வேண்டாம் என்றாள். கணவன் விடுமுறையில் ஊர் வந்த மாதம் கடல் வந்தது.

நான் ஆடிப்போனேன். இருபத்தொரு வருஷம்! இந்தப் பெண் இந்த அறையில்தான் தவழ்ந்திருக்கிறாள், பாடம் படித்திருக்கிறாள், நோன்பு திறந்திருக்கிறாள். போன மாதம் முழுக்க ஊர் ஊராக அம்மாவின் முகத்தைத் தேடி அலைந்துவிட்டு, ராத்திரி வந்து இந்தச் சுவருக்குக் கீழேதான் படுத்திருக்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. விருந்தாளி என்பதையும் மறந்து, மனசாட்சி இருக்கிறதா உங்களுக்கு என்று லாபிரைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. நுஸ்ரத்துக்குச் சொன்னார்.

“நான் பொய் சொல்லேல்ல மகள். போட்டோ இருக்கா எண்டுதான் கேட்டாய். இல்லை எண்டனான். ராத்தா எனக்கிட்ட வாக்கு வாங்கினவ. இருந்திருந்தா அவவே அதைத் தளர்த்தியிருப்பா. அவ போயிட்டா. பிறகு ஆரு என்னை அவிழ்த்துவிடுறது? நானும் ஒருநாளும் திருப்பிப் பார்க்கேல்ல.”

நுஸ்ரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. மருந்துக்கடையில் சீட்டை வாங்கி எழுத்தைப் படித்து முடிவெடுக்கிறவர்களின் முகம் அது. யோசித்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, நிதானமாகச் சொன்னாள்.

“அமானிதம் தந்தவங்க மௌத்தாப் போனா அது வாரிசுக்குச் சேரும். நான்தான் வாரிசு. நான் கேட்கிறன் மாமா. தாங்க.”

லாபிரின் தோள்கள் இறங்கின. எருமைகளை இழுத்துக் கட்டும் அந்தக் கைகள் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றின. முன்பக்கம் படகுப்பாதையாகவே, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

“உனக்கு விவரம் தெரிஞ்ச நாளிலிருந்து, எப்ப கேட்பாய் எண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தனான்” என்றார். கேள் என்று அவரே சொல்ல முடியாது. சொன்னால் காட்டிக்கொடுத்த மாதிரி.

நான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து சன்னல் பக்கம் திரும்பி நின்றேன். பலகை திரும்பும் சத்தம் கேட்டது. முற்றத்தில் தயிர்ச் சட்டிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவற்றை எண்ணிக்கொண்டு நின்றேன், எத்தனை என்று மனதில் நிற்கவில்லை.

“டீச்சர்” என்றாள் நுஸ்ரத். “உம்மா என்னை விடச் சின்னப் பிள்ளை.”

திரும்பினேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி. நீல முக்காடு, நெற்றியோரத்தில் தப்பி வந்த ஒரு முடி, மேலுதட்டில் வியர்வை. சிரிக்கலாமா கூடாதா என்று இன்னும் முடிவு செய்யாத வாய். சுவரைப் பார்த்தே இருந்ததால் வெயிலோ புகையோ படவில்லை. நேற்று எழுதியது மாதிரி இருந்தது, தொட்டால் விரலில் ஒட்டும் போல. சார் சொன்னது சரி, இதுதான் அவருடைய நல்ல முகம். நுஸ்ரத் தன் மூக்கைத் தொட்டாள், பிறகு படத்து மூக்கைத் தொடாமல் விரலை அருகில் கொண்டுபோனாள். இரண்டும் ஒரே மூக்கு. லாபிரும் இப்போதுதான் பார்க்கிறார். அவர் தாடியில் நரை விழுந்துவிட்டது, அக்காவுக்கு இன்னும் இருபது. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். அவரைத் திட்டியதற்காக எனக்கு அவமானமாக இருந்தது.

மெதுவாகக் கேமராவைப் பற்றிப் பேச்செடுத்தேன். இசபெலுக்கு இந்த ஒரு படம் கிடைத்தால் போதும், நோட்டில் உள்ள மற்ற முப்பது முகங்களும் இல்லாவிட்டாலும் கண்காட்சி நிற்கும். அதையும் சொன்னேன். நுஸ்ரத் மாமாவைப் பார்த்தாள். படம் இனி அவளுடையது.

படகுப்பாதையைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அதையும் சார்தானே வரைந்தார். முகத்தை எடுக்க வேண்டாம், உம்மா யாருக்கும் காட்டச் சொல்லவில்லை, நான் அவவின் மகள், அதனால் பார்க்கிறேன் என்றாள். எனக்கு ஏமாற்றம்தான். பெரிய ஏமாற்றம். ஆனால் முகம் யாருடையதோ படமும் அவருடையது என்று படித்தவள், அதற்கு மேல் என்ன வாதாடுவது? படகுப்பாதையை மட்டும் நாலைந்து தடவை எடுத்துக்கொண்டேன். ஸ்பெயினில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்து, இவர் நன்றாக இயற்கைக் காட்சி வரைவார் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

நுஸ்ரத் கதிரையில் ஏறி, படத்தை அதே ஆணியில், முகம் அறையைப் பார்க்கும்படி மாட்டினாள். லாபிரின் மனைவி தேநீர் கொண்டுவந்தவர், அதை என்னிடம் கொடுக்க மறந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். லாபிர் கைகால் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டார். வாசலில் நின்று படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பெண்கள் இருவரும் அந்த அறையில்தான் தொழ வேண்டும். நான் சமையலறை வாசலில் நகர்ந்து உட்கார்ந்தேன். பாய் விரிப்பதற்கு முன் நுஸ்ரத் மறுபடியும் கதிரையில் ஏறி, படத்தைத் திருப்பி மாட்டினாள். படகுப்பாதை வந்தது. தொழுதார்கள். சலாம் கொடுத்து முடித்து, பாயைச் சுருட்டியதும் மறுபடி கதிரை, மறுபடி உம்மா.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து வேளைத் தொழுகை. ஒவ்வொரு வேளைக்கும் இப்படி ஏறி இறங்கித் திருப்பிக்கொண்டே இருப்பாயா, இதற்கு வேறு வழி பார்க்கக் கூடாதா, உன் அறையில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளேன் என்றேன்.

அவள் கதிரையிலிருந்து இறங்காமலே என்னைப் பார்த்தாள்.

“திருப்பி வச்சாத்தானே டீச்சர், திரும்பவும் பார்க்கலாம்” என்றாள். “முதல் தரம் பார்க்கிற மாதிரியே, ஒரு நாளைக்கு ஐஞ்சு தரம்.”